இடது பக்கத்துக் குழாய்

"வாய வச்சா வாங்கணும், அண்ணே."

இஞ்ஞாசி காதில் போட்டுக்கொள்ளவில்லை. சைலன்சரின் ஒடுங்கிய முனையில் உதட்டைப் பொருத்தி, கன்னம் உப்ப ஊதினான். மறுமுனையிலிருந்து கொஞ்சம் துருவும் ஒரு கரப்பான் பூச்சியும் வெளியே வந்தன. சத்தம் வரவில்லை.

"அது என்ன நாயனமா? ஊதினா எப்படிச் சத்தம் வரும்? எஞ்சின் ஊதணும் லா," என்றார் இப்ராஹீம்.

"காத்து தடையில்லாமப் போவுதான்னு பாக்குறேன், பாய்."

"போவுது. கரப்பானே போயிருச்சு."

சுங்கை ரோட்டில் தரையில் விரித்த கித்தான் மேல் இப்ராஹீமின் கடை இருந்தது. ஊரார் அந்த இடத்தைத் திருட்டுச் சந்தை என்பார்கள். இப்ராஹீம் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார். "கை மாறுன சாமான்" என்பார். பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன பூட்ஸ், தோட்டாப் பெட்டி, தண்ணீர்க் குடுவை எல்லாம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். இப்ராஹீமிடம் மோட்டார்சைக்கிள் சாமான் மட்டும். அதிலும் குழாய்கள் அதிகம். வெள்ளைக்காரன் ஊர் திரும்பும்போது முதலில் குழாயைத்தான் கழற்றி விற்கிறான் என்பது அவருடைய அனுபவம்.

இஞ்ஞாசி அந்த ஜூலை மாதத்துச் சனிக்கிழமையில் பதினோரு சைலன்சர்களை ஊதினான். ஒன்றையும் வாங்கவில்லை. உதடு கறுத்துப்போய் பஸ்ஸில் வீடு திரும்பினான்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் லேகர் வேலை. கப்பலின் நீராவிக் குழாய்கள் மேல் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றி, ஆஸ்பெஸ்டாஸ் மாவைக் குழைத்துப் பூசி, அதன்மேல் கேன்வாஸ் போட்டுத் தைத்து, வெள்ளைப் பெயின்ட் அடிப்பவனுக்கு அந்தப் பெயர். பதினாறு வருடமாக அதைச் செய்கிறான். மாலையில் குவார்ட்டர்ஸுக்கு வரும்போது புருவம் வெளுத்திருக்கும். அவன் மனைவி அந்தோனியம்மாள் சட்டையை வெளியிலேயே உதறிவிட்டு வரச் சொல்வாள்.

மோட்டார்சைக்கிள் 1955இல் வந்தது. 650 சி.சி., இரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு குழாய். ஊர் திரும்பிய ஒரு கப்பல்காரனிடம் வாங்கினான். தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி என்று விற்றவன் சொன்னான். அன்றிலிருந்து தளத்தில் அவன் பெயர் டூரிங் இஞ்ஞாசி. போன ஊர்களால் வந்த பெயர் அல்ல. போகப்போவதாகச் சொன்ன ஊர்களால் வந்தது. மலாக்கா, பினாங்கு, சயாம் எல்லைக்கு அப்பால் ஹாட்யாய் எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வாயாலேயே போய்வந்தான். ஆறு வருடத்தில் வண்டி போன அதிகபட்ச தூரம் கோத்தா திங்கி அருவி. அங்கும் குளிக்கவில்லை. பிளக் கறுத்துவிட்டது என்று சொல்லி மதியத்துக்குள் திரும்பிவிட்டான்.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை, புனித அன்னம்மாளைத் தவிர.

1954இல் இஞ்ஞாசி, கப்பலை ஏற்றிப் பழுதுபார்க்கும் உலர்துறையில் சாரத்திலிருந்து விழுந்தான். மூன்று நாள் நினைவில்லை. அந்தோனியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலிட்டு, இவர் கண் திறந்தால் பினாங்குப் பக்கம் புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு இருவரும் ஒன்றாக வருகிறோம் என்று நேர்ந்துகொண்டாள். நாலாம் நாள் கண் திறந்தான். காப்பி கேட்டான். மறுவருடம் வண்டி வாங்கிய சூட்டில், ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயில் வாசலில், பங்கு ஜனம் முழுவதும் கேட்க, "நேர்ச்சைக்கு ரயில்ல போற ஆளு நான் இல்ல. மோட்டார்சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

திருவிழா ஜூலை இருபத்தாறு. ஒவ்வொரு ஜூலையிலும் வண்டிக்கு ஏதோ ஒன்று குறைந்தது. ஒரு வருடம் சீட் சரியில்லை. அடுத்த வருடம் காற்று மறைக்கும் கண்ணாடி இல்லை. அதற்கடுத்து பெட்டிகள். பிறகு ரப்பர் தோட்டத்து இருட்டுக்குப் பெரிய விளக்கு. 1960இல் எல்லாம் இருந்தது. ஆனால் மலாயாவில் அவசரகாலச் சட்டம் ஜூலை முப்பத்தொன்று வரை இருக்கிறதே, திருவிழாவை ஐந்து நாள் தள்ளி வைக்கச் சொல்லி சாமியாரிடம் கேட்டுப் பார் என்றான். ஏமாற்றவில்லை. அவன் உண்மையிலேயே தயாராகிக்கொண்டிருந்தான். தயாராவது அவனுக்குப் பிடித்திருந்தது.

இந்த வருடம் குறை குழாயில் வந்தது. ஏப்ரலில் பூசைக்குப் போய் இறங்கும்போது அந்தோனியம்மாளின் கெண்டைக்கால் இடது சைலன்சரில் பட்டு மாங்கொட்டை அளவுக்குத் தோல் உரிந்தது. புடவை கட்டியவள் பின்சீட்டில் இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டுத்தான் உட்கார முடியும். வலது பக்கம் என்றால் நடுரோட்டைப் பார்த்து உட்கார வேண்டும்; எதிரே வரும் லாரி முழங்காலைக் கொண்டுபோய்விடும். அன்றிலிருந்து அவள் பஸ்ஸில்தான் கோயிலுக்குப் போனாள்.

சுங்கை ரோட்டிலிருந்து திரும்பிய அன்று அவள் மூன்று நிபந்தனை போட்டாள்.

"ஒண்ணு, என் காலு பக்கம் சூடு ஆகாது. ரெண்டு, கோயில் வாசல்ல வந்து நின்னா சாமியார் பிரசங்கத்த நிறுத்தக் கூடாது. மூணு, இருபத்தி நாலாந்தேதி காலையில கிளம்பணும்."

"இல்லாட்டி?"

"ரயிலு. ரெண்டு பேரும்."

இஞ்ஞாசிக்கு மூன்றாம் வகுப்புப் பெட்டியில், மடியில் வாழைப்பழச் சீப்போடு தான் உட்கார்ந்திருப்பதும், அதைத் தளத்தில் நாலாயிரம் பேர் கேள்விப்படுவதும் கண்முன் வந்தன. வேறு பெயர் வைப்பார்கள். கப்பல் பட்டறைக்காரர்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள்.

திங்கட்கிழமை தளத்து வாசலுக்கு எதிரே காப்பிக்கடையில் சுப்பிரமணியத்திடம் யோசனை கேட்டான். சுப்பிரமணியம் எஞ்சின் பிரிவில் ஃபிட்டர். சின்ன வண்டி வைத்திருந்தான். பெரிய வண்டிகளைப் பற்றி அபிப்பிராயங்கள் வைத்திருந்தான்.

"மெகாஃபோன் போடு மச்சான். பின்னால அகலமா விரிஞ்சிருக்குமே, ரேஸ்காரன் போடுறது. உள்ள தடுப்பே கிடையாது. பத்து மைல் ஸ்பீடு கூடும்."

"சத்தம்?"

"அதுக்குத்தானே போடுறது."

"அவ சத்தம் கூடாதுங்குறா."

"அப்ப கம்பெனி சைலன்சரே இருக்கட்டும். கிழவன் இருமுற மாதிரி போய்ட்டு வா."

"சூடு?"

"குழாய்னா சுடத்தான் செய்யும். ரெண்டு குழாயும் முன்னாலயே ஒண்ணாச் சேந்து வலது பக்கமா வர்ற மாதிரி ஒரு பைப்பு இருக்கு. சயாமீஸ்னு சொல்லுவான். ஆனா நல்லாருக்காது லா. இடது பக்கம் அம்மணமா நிக்கும்." சுப்பிரமணியம் காப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றினான். "எங்க முருகனப் பாரு. மயிலு. பைப்பே கிடையாது. பொண்டாட்டி ரெண்டு பேரு, ஒருத்திக்கும் காலு சுட்டதில்ல."

இஞ்ஞாசி சிரிக்கவில்லை. மெகாஃபோன் என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அன்று பிற்பகல் ஒரு போர்க்கப்பலின் கொதிகலன் அறையில், தான் முந்தின வாரம் மூடிய குழாய் மீது கைவைத்துச் சாய்ந்து நின்றான். உள்ளே நீராவி ஓடிக்கொண்டிருந்தது. கை சுடவில்லை. அப்போதுதான் தோன்றியது. பதினாறு வருடமாக இங்கிலாந்து அரசியின் குழாய்களை மூடுகிறோம், பெண்டாட்டியின் காலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை மூட முடியாதா? மூடினால் சூடும் வராது. அத்தனை தடிமனுக்குள் சத்தமும் அடங்கும். மெகாஃபோனும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே அடியில் விடை கிடைத்துவிட்டது. இப்ராஹீமிடம் போய், ஊதாமலே, மெகாஃபோன் ஜோடியை வாங்கினான்.

ஆஸ்பெஸ்டாஸ் தளத்திலிருந்து வந்தது. கயிறு இடுப்பைச் சுற்றி வந்தது. மாவு நான்கு நாள் டிபன் கேரியரில் வந்தது. வாசல் காவலாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னா இது, இடியாப்ப மாவா?" என்றான். "கூழு," என்றான் இஞ்ஞாசி. காவலாளுக்கு அவன் சாப்பாட்டின்மேல் இரக்கம் வந்தது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று மாலையும் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்தான். சிலிண்டரிலிருந்து வால்வரை இடது குழாய் முழுவதும் கயிறு சுற்றினான். மாவைக் குழைத்து ஒன்றரை அங்குலம் பூசினான். ஈரத்தோடேயே கேன்வாஸைப் போர்த்தி, வளைந்த ஊசியால் மீன்முள் தையல் போட்டான். தையல் அத்தனை நேராக இருந்தது. அந்தோனியம்மாள் வந்து பார்த்தாள்.

"என் ஜாக்கெட்டுக்கு இப்படித் தச்சுக் குடுத்ததில்ல."

"ஜாக்கெட்டுக்குள்ள ஸ்டீமா ஓடுது?"

"இது காஞ்சுதா?"

"ஓடினா தானே காஞ்சுரும். கப்பல்லயும் அப்படித்தான். ஸ்டீம் விட்டாத்தான் காயும்."

கப்பலில் அப்படித்தான். ஆனால் கப்பலில் நீராவியை மெதுவாக, இரண்டு நாளாக விடுவார்கள். அது கொதிகலனில் வேகும் தண்ணீர்தான். மோட்டார்சைக்கிள் குழாயில் வருவது தண்ணீர் அல்ல, நெருப்பின் மிச்சம். சிலிண்டர் வாயில் குழாய் பழுத்துச் சிவக்கும். இது சுப்பிரமணியத்துக்குத் தெரியும். இஞ்ஞாசி அவனிடம் கேட்கவில்லை. மூடுவது லேகரின் வேலை. அதில் ஃபிட்டரிடம் யோசனை கேட்கும் வழக்கம் தளத்தில் இல்லை.

சனி மாலை வெள்ளைப் பெயின்ட் அடித்து முடித்தான். வண்டி, கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவனைப் போல் நின்றது.

ஞாயிறு பூசைக்கு அந்தோனியம்மாள் மூன்று மாதத்துக்குப் பிறகு பின்சீட்டில் ஏறினாள். உதைத்துக் கிளப்பியதும் குவார்ட்டர்ஸில் எட்டு வீட்டுக் குழந்தைகள் ஒன்றாக அழுதன. சத்தம் அடங்கவில்லை. மூடிய பக்கம் தொண்டை கட்டியவன்போலவும், மூடாத வலது பக்கம் பீரங்கிபோலவும் கேட்டது.

"ரெண்டாவது நிபந்தனை போச்சு," என்று அவன் காதில் கத்தினாள்.

"கோயில் தெருவுல எஞ்சின நிப்பாட்டித் தள்ளிட்டுப் போயிரலாம். காலு சுடுதா?"

"சுடல."

இஞ்ஞாசிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பத்து மைல் அப்படியே நிமிர்ந்திருந்தது. சிராங்கூன் ரோட்டுக்குள் நுழைந்தபோது அவள் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, ஆவி வருது."

"காயுது."

"பொகை வருது."

"பெயின்ட்டு."

காளியம்மன் கோயிலைத் தாண்டும்போது உள்ளே அடைபட்டிருந்த ஈரம் வெளியே வர இடம் தேடி ஒரு தையலைப் பிரித்தது. பிறகு வரிசையாக எல்லாத் தையலையும் பிரித்தது. பட் பட்டென்று வெடித்து வெந்த மாவுக் கட்டிகள் ரோட்டில் சிதறின. கேன்வாஸ் ஓரத்தில் தீ பிடித்து, பெயின்ட் கிடைத்ததும் ஓடத் தொடங்கியது. அந்தோனியம்மாள் வண்டி நிற்கும்முன் குதித்துவிட்டாள். குதித்தவள் புடவை முந்தானையைப் பார்த்தாள். சரியாக இருந்தது. செருப்பு ஒன்று இல்லை.

பூக்கடைத் தங்கம் மல்லிகை மேல் தெளிக்க வைத்திருந்த வாளியைத் தூக்கி வந்து குழாய்மேல் கொட்டினாள். சீறி எழுந்த ஆவியில் மூன்று கடை மறைந்தது.

"யாருக்குக் காலு ஒடிஞ்சுது?" என்றாள் தங்கம், கீழே கிடந்த வெள்ளைத் துண்டுகளைப் பார்த்து.

"வண்டிக்கு," என்றாள் அந்தோனியம்மாள். செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "பூசைக்கு நேரமாச்சு. நான் நடக்கிறேன். நீங்க உங்க கப்பலத் தள்ளிட்டு வாங்க."

அவன் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. சாமியார் நிறுத்தவில்லை. வாசலில் ஈர நாய்போல் நாற்றமடித்த வண்டியைப் பார்த்து இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பூசை முடிந்ததும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சுங்கை ரோட்டுக்கு நடந்தாள். பின்னால் இஞ்ஞாசி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

"வாங்கக்கா," என்றார் இப்ராஹீம். வண்டியைப் பார்த்தார். குழாயில் ஒட்டியிருந்த கருகிய கேன்வாஸைப் பார்த்தார். அவர் வியாபாரி, ஒன்றும் கேட்கவில்லை.

"இந்த வண்டிக்குச் சேர்ற பைப்பு எல்லாத்தையும் எடுத்து வைங்க."

பக்கத்துக் கடையிலிருந்து ஒரு தோட்டாப் பெட்டியை இழுத்துப் போட்டு, அதன் மேல் பின்சீட்டில் உட்காருவதுபோல ஒருக்களித்து உட்கார்ந்தாள். கால் இரண்டும் இடது பக்கம். ஒவ்வொரு குழாயையும் அது வரவேண்டிய இடத்தில் பிடிக்கச் சொன்னாள். இப்ராஹீம் பிடித்தார். ஒன்று கணுக்காலில் இடித்தது. ஒன்று பாதத்துக்குக் கீழே வந்தது, வேண்டாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சீனர்களும் மலாய்க்காரர்களும் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மா பூசைப் புடவையில் உட்கார்ந்து சைலன்சரைக் காலில் போட்டுப் பார்ப்பதை அவர்கள் முன்பு பார்த்ததில்லை.

"அதோ கெடக்குதே, ரெண்டு வாயும் ஒரு வாலும்?"

"அது சயாமீஸ். ரெண்டும் சேந்து வலப்பக்கம் போயிரும். யாரும் கேக்க மாட்டாங்கக்கா. இடப்பக்கம் மொட்டையா இருக்கும்."

"இங்கதானே என் காலு வரும்?"

"ஆமா."

"அப்ப மொட்டையாவே இருக்கட்டும். இதுக்கு நீளமா, சத்தம் போடாத ஒரு சைலன்சரா பாத்து எடுங்க."

இஞ்ஞாசிக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "இந்தா, வண்டிக்கு ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் ஒரு இது. ஒத்தைக் காது அறுந்தவன் மாதிரி இருக்கும்."

"இருக்கிற காதுலயாவது நான் சொல்றது விழட்டும்."

மெகாஃபோன் ஜோடியை இப்ராஹீம் திரும்ப எடுத்துக்கொண்டார். அதில் ஒன்று நிறம் மாறியிருந்தது. "ரேஸ்ல ஓடினதுன்னு சொல்லி வித்துருவேன்," என்று அந்தோனியம்மாளுக்கு ஆறுதல் சொன்னார்.

அந்த வாரம் இஞ்ஞாசி குழாயைப் பொருத்தினான். நன்றாகப் பொருத்தினான், அதில் குறை சொல்ல முடியாது. வண்டி வலது பக்கத்திலிருந்து மட்டும் மெல்ல முணுமுணுத்தது. சுப்பிரமணியம் வந்து கேட்டுவிட்டு, "தையல் மெஷின்ல பினாங்கு போற மாதிரி இருக்கு," என்றான். இஞ்ஞாசி கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

அது ஞாயிறு மதியம் சாப்பாட்டின்போது வெளியே வந்தது.

"குழாய மாத்தினா கார்புரேட்டர்ல பெட்ரோல் போற ஜெட்ட மாத்தணும். காத்து ஓட்டம் மாறிடுதுல்ல. சின்னச் சாமான்தான். இப்ராஹீம் பாய் அடுத்த வாரம் கிடைக்கும்னு சொல்றாரு."

சொன்னது பொய்யல்ல. எந்த மெக்கானிக்கும் ஒத்துக்கொள்வான். அதனால்தான் அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் நிம்மதி இருந்தது.

அந்தோனியம்மாள் ரசத்தை ஊற்றினாள். "மெழுகுவர்த்தி போயிடுச்சு."

"எந்த மெழுகுவர்த்தி?"

"நேர்ச்சை மெழுகுவர்த்தி. உங்க உசரத்துக்கு. அஞ்சடி எட்டங்குலம்."

நோயாளி பிழைத்தால் அவன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வைப்பதாக நேர்ந்துகொள்வது அவர்கள் பக்கத்து வழக்கம். போன வாரம் அவன் கட்டிலில் மல்லாந்து பகல் தூக்கம் போட்டபோது, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை நூல் பிடித்து அளந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஐயோ, எப்ப?" என்று மார்பில் கைவைத்தாளாம்.

"எங்க போச்சு?"

"ரயில்ல. அற்புதமேரியும் பிள்ளைங்களும் காலை வண்டியில கிளம்பினாங்கல்ல, பாயில சுத்திக் குடுத்துட்டேன். மோட்டார்சைக்கிள்ல அவ்வளவு நீளம் கொண்டுபோக முடியாதே." அற்புதமேரி அவள் தங்கை. "புதன்கிழமை வரைக்கும் கோயில் வாசல்ல பிடிச்சுக்கிட்டு நிப்பா. இஞ்ஞாசி உசரம் வந்துருச்சு, இஞ்ஞாசி இன்னும் வரலன்னு எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க."

இஞ்ஞாசி சோற்றைப் பிசைந்தான். ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டான்.

"இல்ல."

"எடுக்கலயா?"

"நீங்கதான் ரயில்ல போற ஆளு இல்லையே."

அவன் மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. எழுந்து கைகழுவிவிட்டு வண்டியிடம் போனான். இருந்த ஜெட்டைக் கழற்றி, ஊதி, அதே இடத்தில் மாட்டினான். பெட்டிகளில் துணி வைத்தான். ஆறு வருடமாக வாங்கிச் சேர்த்தவற்றில் எதை எடுத்துப்போவது என்று தெரியாமல் ஐந்து மணிவரை அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஒரு ஸ்பானரும் இரண்டு பிளக்கும் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் திங்கட்கிழமை, இருபத்துநாலாந்தேதி. காலை ஐந்து பத்துக்குக் கிளம்பினார்கள். ஜோகூர் பாலத்தில் சுங்க அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். ஆயர் ஈத்தாமில் ஏழரைக்குத் தேநீர் குடித்தார்கள். யோங் பெங்கில் மழை பிடித்தது. ரப்பர் ஆலை ஒன்றின் கொட்டகையில் நாற்பது நிமிடம் நின்றார்கள். சிகாமட்டில் பெட்ரோல் போட்டார்கள். கெமாஸைத் தாண்டி இஞ்ஞாசி செயினை இறுக்கினான். அந்தோனியம்மாள் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டாள். தம்பினில் சோறு. சிரம்பானில் ஒரு போலீஸ்காரர் வண்டியைச் சுற்றிவந்து இடது பக்கத்தில் குழாய் எங்கே என்று கேட்டார். வலது பக்கம் என்று அந்தோனியம்மாள் சொன்னாள். அவர் போகச் சொன்னார். ஐந்தே முக்காலுக்குக் கோலாலம்பூர் வந்தது, பாதி வழி. செந்தூலில் தெரிந்தவர் வீட்டில் இறங்கினார்கள். இஞ்ஞாசிக்கு இரண்டு கையும் மரத்திருந்தன. குளித்துவிட்டு ஏழரைக்குத் தூங்கிவிட்டான். அந்தோனியம்மாள் நனைந்த துணிகளை அலசிக் கொடியில் போட்டாள்.